29 வயதில் வாய்ப்பாடு படித்த அதிகாரி

1662-ம் ஆண்டு, ஜூலை மாதம். அதிகாலை நாலு மணி. லண்டன் நகரம் உறங்கிக் கொண்டிருக்கிறது. கடற்படை அலுவலகத்தைச் சேர்ந்த ஒரு வீட்டில் மட்டும் ஒருவர் எழுந்து உட்கார்ந்து பாடம் படித்துக் கொண்டிருக்கிறார்.

அவர் பள்ளிக்கூடத்துப் பையன் அல்ல. வயது 29. கல்யாணமானவர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பட்டம் பெற்றவர். ஆண்டுக்கு 350 பவுன் சம்பளம் வாங்கும் பெரிய உத்தியோகஸ்தர். இங்கிலாந்தின் போர்க் கப்பல்களுக்கு மரமும் கயிறும் பாய்த்துணியும் வாங்கும் இலாகாவில் அவர் கையெழுத்துக்குப் பெரிய மதிப்பு.

அப்படிப்பட்டவர் அந்த விடியற்காலையில் என்ன படித்துக் கொண்டிருந்தார் தெரியுமா? பெருக்கல் வாய்ப்பாடு!

கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவர் படித்த அந்த வாய்ப்பாடு பல திருடர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. சர்க்கார் பணத்தைக் காப்பாற்ற வேண்டுமானால், அந்தப் பணத்தைச் செலவு செய்கிறவனுக்கு முதலில் தொழில் தெரிய வேண்டும் என்ற உண்மையை அது அவருக்குக் கற்றுக் கொடுத்தது.

அவர் பெயர் சாமுவேல் பீப்ஸ்.

தையற்காரர் மகன்

சாமுவேல் பீப்ஸ் 1633-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி லண்டனில் பிறந்தார். தகப்பனார் ஜான் பீப்ஸ் தையற்காரர். தாயார் கசாப்புக் கடைக்காரர் ஒருவரின் சகோதரி. வீட்டில் பிறந்த குழந்தைகள் 11 பேர். அவர்களில் ஐந்தாவது குழந்தை சாமுவேல். பெரியவர்களாகும் வரை பிழைத்திருந்தவர்கள் ஒரு சிலரே.

ஏழைக் குடும்பம் என்று சொல்ல முடியாது. செல்வக் குடும்பமும் அல்ல. பையன் கெட்டிக்காரன். லண்டனில் புனித பால் பள்ளியில் படித்தான். உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜுக்குப் போனான். 1654-ல் பட்டம் பெற்றான்.

அந்தக் காலத்துப் படிப்பு என்றால் லத்தீன், கிரீக் முதலான பழைய பாஷைகள். கணக்கு என்பது கடைக்காரர்களுக்கும் மாலுமிகளுக்கும் உரிய வித்தை என்பது படித்தவர்களின் எண்ணம். ஆகையால், பட்டம் வாங்கிய பீப்ஸுக்குப் பழைய ரோமாபுரியின் சரித்திரம் தெரியும். பெருக்கல் கணக்குத் தெரியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அவர் விஷயத்தில் முற்றிலும் பொருந்தும்.

1655-ல் எலிசபெத் என்ற பெண்ணை மணந்தார். கையில் காசில்லாத காலம். போதாததற்குச் சிறுநீர்ப்பையில் கல் விழுந்து உயிரை வாங்கியது. மயக்க மருந்து கண்டுபிடிக்காத அந்த நாளில், 1658-ல், துணிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். டென்னிஸ் பந்து அளவு கல்லை எடுத்தார்கள். பிழைத்ததே அதிசயம். ஆண்டுதோறும் அந்த நாளை அவர் ஒரு திருநாளாகக் கொண்டாடி வந்தார்.

கப்பல் கொண்டுவந்த அதிர்ஷ்டம்

அவருக்கு உறவினர் ஒருவர் உண்டு. பெயர் எட்வர்ட் மாண்டேகு. பெரிய கடற்படைத் தளபதி. அவரிடம் பீப்ஸ் காரியங்களைக் கவனித்து வந்தார்.

அது இங்கிலாந்தில் பெரிய மாறுதல் நடந்த காலம். 1649-ல் மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டிவிட்டு, மன்னரே இல்லாமல் சில ஆண்டுகள் ஆட்சி நடந்தது. 1660-ல் அவருடைய மகனை மீண்டும் அழைத்துவர மக்கள் முடிவு செய்தார்கள். ஹாலந்துக்குப் போய் அவரை அழைத்துவரும் பொறுப்பு மாண்டேகுவுக்குக் கிடைத்தது. பீப்ஸும் அவருடைய காரியதரிசியாகக் கப்பல் ஏறினார். புதிய மன்னர் இரண்டாம் சார்லஸ் எந்தக் கப்பலில் திரும்பினாரோ, அந்தக் கப்பலுக்கு ராயல் சார்லஸ் என்று புதுப் பெயர் வைத்தார்கள். இந்தக் கப்பலின் பெயரை மட்டும் வாசகர்கள் மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இரண்டு முறை அது இந்தக் கதையில் வரும்.

மன்னர் வந்தார், மாண்டேகு பிரபு ஆனார், பீப்ஸுக்கும் உத்தியோகம் வந்தது. 1660 ஜூலையில் கடற்படை வாரியத்தின் காரியதரிசியாக நியமனம் பெற்றார். கப்பலின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இருந்தவர், ஒரே நாளில் ஒரு தேசத்தின் கடற்படைக்கு எழுத்தும் கணக்கும் பார்க்கும் அதிகாரியாகிவிட்டார்.

உத்தியோகம் கிடைத்த புதிதில் மாண்டேகு அவருக்கு ஒரு புத்திமதி சொன்னார். ஒருவனைப் பணக்காரனாக்குவது சம்பளம் அல்ல, உத்தியோகத்தில் இருக்கும்போது கிடைக்கிற வாய்ப்புக்கள்தான் என்பது அதன் சாரம். அந்தக் காலத்து உத்தியோக உலகம் அப்படி இருந்தது. சம்பளத்தை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மேல்வரும்படிதான் வரும்படி!

மரத்தில் மறைந்த பணம்

பீப்ஸ் இரண்டு ஆண்டு வேலை பார்த்தார். காண்டிராக்டர்கள் வந்தார்கள். பில்களை நீட்டினார்கள். அளவு இவ்வளவு, விலை இவ்வளவு, மொத்தம் இவ்வளவு என்றார்கள். வாரியத்தில் அவருடன் இருந்த பெரியவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அவரும் போட்டார். கணக்குச் சரியா, தப்பா என்று சொல்ல அவருக்குத் தெரியாது.

தெரியாமல் கையெழுத்துப் போடுவது அவர் மனத்தை உறுத்தியது. பிறர் கண்ணால் பார்த்து எத்தனை நாள் உத்தியோகம் செய்வது? கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தார்.

யாரிடம் கற்றுக்கொண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய பண்டிதரிடம் அல்ல. ராயல் சார்லஸ் கப்பலில் வேலை பார்த்த கூப்பர் என்ற மாலுமியிடம்! தமக்குக் கீழே உள்ள ஒருவனிடம் பாடம் கேட்பதா என்று அவர் நினைக்கவில்லை. வாய்ப்பாட்டில் தொடங்கினார். அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. இரவில் படுக்கப் போகும் முன்பும், காலையில் எழுந்தவுடனும் அதையே உருப்போட்டார். ஒரு கப்பலின் மாதிரி உருவத்தை வைத்துக்கொண்டு அதன் ஒவ்வொரு உறுப்பின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அடுத்தது மரம். ஊலிச் என்ற ஊரில் இருந்த கப்பல் கட்டும் தளத்தில் ஆண்டனி டீன் என்ற இளம் கப்பல் நிபுணர் இருந்தார். 1662 ஆகஸ்டில் அவர் பீப்ஸை வால்தம் காட்டுக்கு அழைத்துச் சென்றார். வெட்டிக் கிடந்த மரங்களை அளந்து காட்டினார். சதுரமாக இல்லாத மரத்தைச் சதுரம் போல அளப்பதில் மன்னருடைய பணம் எப்படிக் களவு போகிறது என்பதை விளக்கினார்.

அது என்ன சூது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒரு மரத்துண்டின் அகலம் 20 அங்குலம், கனம் 10 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கினால் 200. அதுதான் சரியான அளவு. ஆனால் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 15 வரும். ஒவ்வொரு பக்கமும் 15 அங்குலம் என்று வைத்துப் பெருக்கினால் 225 வரும்! மரம் அதே மரம். அளவு மட்டும் வளர்ந்துவிட்டது. 8 வண்டி மரத்தைக் கொடுத்துவிட்டு 9 வண்டி மரத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு போகலாம். பெருக்கத் தெரியாத அதிகாரி தலையை ஆட்டிக் கையெழுத்துப் போடுவார்.

பீப்ஸ் திகைத்துப் போனார். அதற்குப் பிறகு மரம் அளக்க ஓர் அளவுகோலைப் பிரத்தியேகமாகச் செய்து வாங்கிக்கொண்டார். தாமே போய் அளந்தார்.

கயிற்றில் இருந்த சூது

மரத்தோடு நிற்கவில்லை. கயிறு திரிக்கும் சாலைக்குப் போனார். பாய்மரக் கப்பலுக்கு உயிர் கயிறுதான். புயலில் ஒரு கயிறு அறுந்தால் நூற்றுக்கணக்கான உயிர்கள் போய்விடும்.

அங்கே பல தேசங்களிலிருந்து வந்த சணல் நாரை வரவழைத்து, பிரித்து, முறுக்கி, எது எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று சோதித்தார்கள். ஒரு சரக்கைப் பிரித்தபோது உண்மை வெளியாயிற்று. உள்ளே இருந்தது தார் பூசிய பழைய நார். மேலே மட்டும் புது நாரைச் சுற்றி வைத்திருந்தார்கள்! வெளியே பார்த்தால் புதுக் கயிறு. உள்ளே இற்றுப்போன கயிறு.

இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். முன்னறிவிப்பு இல்லாமல் கப்பல் தளங்களுக்குப் போவார். சரக்கைக் கையில் எடுத்துப் பார்ப்பார். ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் தனிப் புத்தகத்தில் பதிந்து வைத்தார். என்ன விலைக்குப் பேசினோம், என்ன சரக்கு வந்தது என்று எப்போது வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். சக அதிகாரிகள் செய்யும் தவறுகளைக் குறித்து வைக்க இன்னொரு புத்தகமும் வைத்திருந்தார்.

கற்ற வித்தையை வீட்டிலும் பகிர்ந்துகொண்டார். 1663-ல் மனைவி எலிசபெத்துக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல் சொல்லிக் கொடுத்தார். அந்த அம்மாள் வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டாராம்.

கண்ணை மூடிக்கொண்டு கொட்டிய காசு

இந்த இடத்தில் கதை முடிந்தால் நன்றாக இருக்கும். திருடர்களைப் பிடித்த யோக்கியர் என்று அவரைப் புகழ்ந்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் உண்மை அவ்வளவு எளிதல்ல.

1663 ஏப்ரலில் ஒரு நாள், கப்பல் காப்டன் ஒருவர் அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். கனமாக இருந்தது. உள்ளே பணம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. பீப்ஸ் அதை அலுவலகத்துக்குக் கொண்டு போனார். உறையை உடைத்தார். ஆனால் உள்ளே பார்க்கவில்லை! முகத்தைத் திருப்பிக்கொண்டு காசுகளை வெளியே கொட்டினார். எல்லாம் விழுந்த பிறகுதான் காகிதத்தைப் பார்த்தார். ஏன்? பின்னால் யாராவது கேட்டால், அந்தக் கடிதத்தில் பணம் எதையும் தாம் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்யலாம் அல்லவா? கொட்டியது ஒரு தங்கக் காசும், 4 பவுன் மதிப்புள்ள வெள்ளிக் காசுகளும்.

1664 பிப்ரவரியில் பெரிய மர வியாபாரி சர் வில்லியம் வாரன் ஒரு ஜோடி கையுறை கொடுத்தார். எலிசபெத்துக்கென்று கொடுத்த பரிசு. கையுறையோடு 40 தங்கக் காசுகளும் இருந்தன. அந்த ஆண்டிலேயே வாரனுக்குப் பாய்மரத் தடிகள் வாங்கும் மிகப் பெரிய காண்டிராக்ட் கிடைத்தது. வாரனுடைய சரக்கு நல்லது, விலையும் சரியானது என்று பீப்ஸ் நம்பினார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வெகுமதி வாங்கியவரே விலையைத் தீர்மானித்தால் அதை யார் நம்புவார்கள்?

உத்தியோகம் கிடைத்த 1660-ல் அவருக்கு இருந்த சொத்து சுமார் 100 பவுன். 1666 முடிவில் அவர் தாமே போட்ட கணக்குப்படி 6,200 பவுன். ஆண்டுக்கு 350 பவுன் சம்பளத்தில் இது எப்படிச் சேரும்? வேறு சில பதவிகளிலிருந்தும் அவருக்கு வருமானம் உண்டு என்பது மெய். அதையும் சேர்த்தாலும் கணக்கு ஒத்து வராது. மரக்கணக்கைச் சரியாகப் போட்டவருக்குத் தம்முடைய மனக்கணக்கைப் போடத் தயக்கமாக இருந்தது.

சர்க்காருக்கு நஷ்டம் வரும்படி தாம் எதையும் வாங்கவில்லை என்று அவர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். லஞ்சம் வாங்குகிற எல்லோருமே முதலில் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இதுதான்.

பசித்த மாலுமிகள்

சர்க்கார் பணம் ஒழுகிப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்? மன்னருக்கா, மந்திரிகளுக்கா? அதற்குப் பதில் 1665-லிருந்து லண்டன் தெருக்களில் தெரிந்தது.

ஹாலந்தோடு யுத்தம் மூண்டது. கஜானாவில் பணம் இல்லை. கப்பலிலிருந்து இறங்கிய மாலுமிகளுக்குச் சம்பளம் கொடுக்காமல் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சீட்டைக் காட்டினால் பணம் கிடைக்கும் என்றார்கள். கிடைக்கவில்லை. வீட்டில் பிள்ளைகள் பசியால் அழுதபோது, மாலுமிகள் அந்தச் சீட்டுகளை வட்டிக்கடைக்காரர்களிடம் வந்த விலைக்கு விற்றார்கள். சிலர் தெருவிலேயே பட்டினியாகக் கிடந்தார்கள்.

1666 ஜூலையில் ஒரு நாள் கடற்படை அலுவலகத்தின் முற்றத்தில் 300-க்கு மேற்பட்ட பெண்கள் வந்து கூடிவிட்டார்கள். அவர்களுடைய கணவன்மார்கள் ஹாலந்துச் சிறையில் இருந்தார்கள். அவர்களுக்கு அனுப்பப் பணம் வேண்டும் என்று அழுதார்கள், சபித்தார்கள். பீப்ஸ் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கே அழுகை வரும்போல இருந்தது. மற்றவர்கள் போன பிறகு, கணவனை நினைத்து வருந்திய ஒரு பெண்ணை மட்டும் கூப்பிட்டுத் தம் கையிலிருந்து கொஞ்சம் பணம் கொடுத்தார். அவள் வாழ்த்திவிட்டுப் போனாள். மற்றப் பெண்களுக்கு அவரால் எதுவும் செய்ய முடியவில்லை.

1667 ஜூன் மாதம் டச்சுக்காரர்களின் கப்பல்கள் மெட்வே நதிக்குள்ளேயே புகுந்துவிட்டன. நதியின் குறுக்கே கட்டியிருந்த இரும்புச் சங்கிலி அவர்களைத் தடுக்கவில்லை. நங்கூரம் போட்டு நின்ற இங்கிலாந்துக் கப்பல்களைக் கொளுத்தினார்கள். மன்னரை அழைத்து வந்த கப்பல், பீப்ஸுக்கு வாய்ப்பாடு கற்பித்த மாலுமி வேலை பார்த்த கப்பல், அந்த ராயல் சார்லஸையே பிடித்துக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்! வெட்கக்கேடு இன்னொன்றும் உண்டு. சம்பளம் கிடைக்காத இங்கிலாந்து மாலுமிகள் சிலர் அந்த டச்சுக் கப்பல்களில் கூலிக்கு வேலை பார்த்தார்கள்.

பார்லிமெண்ட் கொதித்தது. கடற்படை அதிகாரிகளைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்றார்கள். 1668 மார்ச் 5-ந் தேதி பீப்ஸ் பார்லிமெண்ட் முன்னால் நின்றார். மூன்று மணி நேரம் பேசினார். எல்லாக் கணக்கும் அவரிடம் எழுத்தில் இருந்தது. தேதி வாரியாக, தொகை வாரியாக எடுத்து வைத்தார். போதிய பணம் தராமல் யுத்தம் நடத்தச் சொன்னால் என்ன ஆகும் என்று விளக்கினார். எதிர்த்தவர்களும் வாயடைத்துப் போனார்கள். கணக்கை ஒழுங்காக எழுதி வைத்த பழக்கம் அன்று அவரைக் காப்பாற்றியது.

பின்னால் ஒரு விசாரணைக் கமிஷனும் அவரைக் கேள்வி கேட்டது. தாம் யாரிடமும் கேட்டு வாங்கியதில்லை என்று வாதாடினார். கேட்டு வாங்கவில்லை என்பது சரி. கொடுத்ததை வாங்கினார் என்பதும் சரி.

பயிற்சிதான் காவல்

1669-ல் மனைவி எலிசபெத் காய்ச்சலில் இறந்தார். அவருக்கு வயது 29. குழந்தை இல்லை. பீப்ஸ் மறுமணம் செய்துகொள்ளவில்லை. உத்தியோகமே அவருக்குக் குடும்பமாயிற்று.

1673-ல் கடற்படை இலாகா முழுவதற்கும் தலைமைக் காரியதரிசியானார். தாம் தட்டுத் தடுமாறிக் கற்றதை மற்றவர்கள் முறையாகக் கற்க வேண்டும் என்று விரும்பினார். அந்த ஆண்டிலேயே லண்டனில் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்ற தர்மப் பள்ளிக்கூடத்தில் கணிதப் பிரிவு ஒன்று மன்னரின் சாசனத்தோடு தொடங்கியது. 40 ஏழைப் பையன்களுக்குக் கணக்கும் கப்பல் செலுத்தும் வித்தையும் கற்பிப்பது அதன் நோக்கம். அதை உருவாக்கியவர்களில் பீப்ஸ் முக்கியமானவர்.

அதைவிடப் பெரிய காரியம் 1677 டிசம்பரில் நடந்தது. அதுவரை பிரபுக்களின் பிள்ளைகள் சிபாரிசுக் கடிதத்தோடு வந்து லெப்டினென்ட் ஆகிவிடுவார்கள். கயிறு எது, பாய் எது என்று தெரியாதவன் நூறு பேருக்கு உத்தரவிடுவான். பீப்ஸ் ஒரு விதி கொண்டுவந்தார். லெப்டினென்ட் ஆக விரும்புகிறவனுக்கு வயது 20 ஆகியிருக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் கடலில் வேலை பார்த்திருக்க வேண்டும். காப்டனிடம் நற்சாட்சிப் பத்திரம் வாங்கி வர வேண்டும். அதோடு நேரில் வந்து பரீட்சையில் தேற வேண்டும்! பிரபு மகனானாலும் சரி, பரீட்சை உண்டு. இங்கிலாந்தில் சிவில் உத்தியோகங்களுக்கு ஆள் எடுக்கப் பரீட்சைக் கமிஷன் ஏற்பட்டது 1855-ல்தான். அதற்கு 178 ஆண்டுகளுக்கு முன்பே கடற்படையில் பரீட்சை வந்துவிட்டது.

இன்னொரு பாடத்தையும் அவர் கண்டுபிடித்திருந்தார். கப்பலில் உணவுப் பண்டங்களுக்குப் பொறுப்பான சிப்பந்திகள் எல்லோரும் திருடர்கள் என்று பெயர் வாங்கியிருந்தார்கள். செத்துப்போன மாலுமியின் பெயரைக் கணக்கில் உயிரோடு வைத்து, அவன் பங்கு உணவுக்கும் பணம் எழுதுவார்கள். பீப்ஸ் 1665-ல் இதை ஆராய்ந்தார். அந்த உத்தியோகத்தில் சூது செய்யாதவன் தன் கைப்பணத்தை இழந்துதான் தீர வேண்டும், விதிகளே அப்படி இருக்கின்றன என்று கண்டார். ஆளை மட்டும் திட்டிப் பயனில்லை, விதியையும் மாற்ற வேண்டும் என்று நீண்ட அறிக்கை எழுதினார். துறைமுகம்தோறும் உணவுப் பண்டங்களைச் சோதிக்க அதிகாரிகளை வைக்கச் செய்தார்.

1686-ல் காப்டன்கள் விஷயத்திலும் அதே முறையைக் கையாண்டார். அரசாங்கப் போர்க் கப்பலில் வியாபாரிகளின் சரக்கை ஏற்றிக்கொண்டு காப்டன்கள் கூலி வாங்கிக் கொண்டிருந்தார்கள். அதைத் தடை செய்தார். தடை செய்ததோடு, அவர்களுடைய சாப்பாட்டுச் செலவுக்குப் படியும் அதிகமாகக் கொடுக்கச் செய்தார். பயணத்தின் நாட்குறிப்பை ஒப்படைக்க வேண்டும் என்றும் உத்தரவாயிற்று.

தெரியாதவர்கள் கையில் 30 கப்பல்

பயிற்சி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நடுவில் ஐந்து ஆண்டுகள் காட்டின. 1679-ல் அரசியல் விரோதிகள் பீப்ஸ் மீது பழி சுமத்தினார்கள். கடற்படை ரகசியங்களை பிரான்ஸ் தேசத்துக்கு விற்றார் என்றார்கள். அவரையும், மரம் அளக்கக் கற்பித்த ஆண்டனி டீனையும் லண்டன் கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். குற்றம் சாட்டியவன் ஒரு மோசடிக்காரன். பீப்ஸ் அவனுடைய பழைய சரித்திரத்தைத் துருவித் துருவிச் சேகரித்தார். 1680-ல் வழக்கு விழுந்துவிட்டது. ஆனால் உத்தியோகம் போய்விட்டது.

அவருக்குப் பதிலாகக் கடற்படையை நடத்த வந்தவர்கள் தொழில் தெரியாதவர்கள். 1677-ல் பார்லிமெண்ட் பணம் கொடுத்துக் கட்டச் சொன்ன 30 புதிய போர்க் கப்பல்கள் இருந்தன. 1684-ல் பீப்ஸ் திரும்பிவந்து அந்தக் கப்பல்களின் அடித்தளத்தில் இறங்கிப் பார்த்தார். காற்றுப் படாமல், சுத்தம் செய்யாமல் மரம் உளுத்துப் போயிருந்தது. அவர் கைமுட்டி அளவுக்குக் காளான்கள் முளைத்திருந்தன! கடலுக்குப் போகாத புதுக் கப்பல், துறைமுகத்திலேயே மக்கிக்கொண்டிருந்தது. யாரோ திருடியதால் மட்டும் பொதுப்பணம் நஷ்டமாவதில்லை. தெரியாதவன் கையில் ஒப்படைத்தாலும் நஷ்டம்தான். 1686-ல் தொழில் தெரிந்தவர்களைக் கொண்ட தனிக் கமிஷன் அமைத்து அவற்றைப் பழுது பார்த்தார். டீன் அதில் ஒருவர். பீப்ஸ் வீட்டில் 1660-ல் வேலைக்குச் சேர்ந்து, அவரிடமே கணக்கும் எழுத்தும் பழகி உயர்ந்த வில்லியம் ஹியூவர் இன்னொருவர்.

தனக்கு எதிராக எழுதிய சாட்சி

1688-ல் இங்கிலாந்தில் மறுபடியும் ஆட்சி மாறியது. 1689-ல் பீப்ஸ் பதவியை விட்டு விலகினார். கடைசிக் காலத்தில் கிளாப்பம் என்ற கிராமத்தில், தம் பழைய குமாஸ்தா ஹியூவரின் வீட்டிலேயே தங்கியிருந்தார். 1703 மே 26-ந் தேதி அங்கே காலமானார். சர்க்கார் அவருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி 28,007 பவுன் என்று கணக்கு இருந்தது. அந்தப் பணம் வரவே இல்லை.

சேர்த்து வைத்த 3,000 புத்தகங்களையும் தாம் படித்த கேம்பிரிட்ஜ் கல்லூரிக்குச் சேரும்படி எழுதி வைத்தார். அவற்றோடு ஆறு கையெழுத்துப் புத்தகங்களும் இருந்தன. அவை சுருக்கெழுத்தில் எழுதிய நாட்குறிப்பு. 1660 ஜனவரி முதல் தேதி தொடங்கி, கண் பார்வை போய்விடுமோ என்று பயந்து 1669 மே மாதம் நிறுத்திய நாட்குறிப்பு. நூறு ஆண்டுகளுக்கு மேல் அதை யாரும் படிக்கவில்லை. 1819 முதல் 1822 வரை ஜான் ஸ்மித் என்ற ஏழை மாணவர் கண் விழித்து அதை எழுத்துக்கு எழுத்து விடுவித்தார். 1825-ல் அச்சாகி வெளிவந்தது. பீப்ஸின் பெயரை இன்றும் உலகம் அறிந்திருப்பது அந்த நாட்குறிப்பால்தான்.

வாய்ப்பாடு படித்த கதையும் அதில் இருக்கிறது. கயிற்றைப் பிரித்த கதையும் இருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு காசைக் கொட்டிய கதையும் இருக்கிறது. எந்த விசாரணைக் கமிஷனும் கண்டுபிடிக்காததை அவரே எழுதி வைத்துவிட்டார். அடித்து அழிக்கவில்லை, கிழித்து எறியவில்லை. காண்டிராக்டருடைய கணக்கைப் பதிந்த அதே கை, தன் கணக்கையும் ஒளிக்காமல் பதிந்தது.

தொழில் தெரியாதவனைப் பிறர் ஏமாற்றுவார்கள். தொழில் தெரிந்தவனை அவன் மனமே ஏமாற்றப் பார்க்கும். முதல் ஆபத்துக்கு மருந்து பயிற்சி. அதை பீப்ஸ் 29 வயதில், வெட்கப்படாமல், ஒரு மாலுமியிடம் கற்றுக்கொண்டார். இரண்டாவது ஆபத்துக்கு மருந்து, காசு வந்து விழும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருப்பது. அந்தப் பாடத்தில் மட்டும் அவர் தேறவில்லை. ஆனால் தேறவில்லை என்பதைத் தம் கையாலேயே எழுதி வைத்துவிட்டுப் போனார்.